பாடாத இசைத்தட்டும் பேசிய நானும்

பாடுவதற்கென்றே பிறந்தவர் என்று நாடே ஒப்புக்கொண்டிருந்த ஒரு பாடகி, குரல் முழு வலிமையோடு இருந்த காலத்தில், இனிப் பாடுவதாக இல்லை என்று முடிவு செய்தார். தொண்டையில் கோளாறு இல்லை. வீட்டில் துயரம் இல்லை. வாய்ப்புகள் குறையவும் இல்லை. பாட்டில் சொல் இருப்பது இசைக்கு இடையூறு என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். ஒரு வார இதழின் பேட்டியில் அப்படித்தான் சொல்லியிருந்தார். சொல்லையே தொழிலாகவும் பெருமையாகவும் கொண்டவர்கள் தெருவுக்கு நால்வர் வாழ்ந்த திருச்சிராப்பள்ளியில், இதை ஒரு கலைஞரின் மனமாற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நேருக்கு நேர் செய்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டோம்.

அதுவரை அவர் குரல் இல்லாத இடம் ஊரில் கிடையாது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் அவர் பாடிய பக்திப் பாடலும், பாலக்கரையில் எங்கள் வீட்டு வானொலியில் அவர் பாடிய காதல் பாடலும் ஒரே விடியலில் ஒலிக்கும். ஜெபமாலை முடித்த கையோடு என் தாயார் அந்தக் காதல் பாடலை முணுமுணுப்பார். அதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில், பேருந்து புறப்படும் நேரத்தைவிட அவருடைய பாடல் முடியும் நேரத்தை நம்பலாம். அத்தகையவர் வாயை மூடிக்கொண்டார். கடல் கடந்து வந்த, ஆர்மோனியம் போலக் கட்டைகள் கொண்ட மின்விசைப் பெட்டி ஒன்று, இரண்டு தம்புராக்கள், ஒரு கடம், ஒலிப்பதிவு நாடா, சில கண்ணாடிக் கிண்ணங்கள் ஆகியவற்றோடு ஓர் அறைக்குள் நுழைந்து, ஓராண்டு கழித்துப் பெரிய இசைத்தட்டு ஒன்றோடு வெளியே வந்தார். தட்டுக்குப் பெயர்கூட இல்லை. கறுப்பு உறையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். சொல்லின்மீது கொண்ட பகை பெயரையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் ஊரில் அவருக்கொரு ரசிகர் கழகம் இருந்தது. சத்திரத்தை ஒட்டிய சந்தில், மிதிவண்டிக் கடையின் மாடியில் ஓர் அறை. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி நடத்திய பெரியவர்தான் அதன் செயலாளர். தலைவர் என்று ஒருவரும் இல்லை. ஏனென்றால், அந்தப் பதவியை எல்லோருமே விரும்பினோம். நான் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாவட்டத்துப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளாக வென்று வீட்டுப் பரணை நிரப்பியிருந்தேன். ஆகையால், கழகத்தின் சார்பில் வாய் திறக்க வேண்டிய தருணங்கள் எல்லாம் இயல்பாகவே எனக்கு வந்து சேர்ந்தன.

கழகத்திடம் ஒரு ரிக்கார்டு பிளேயர் இருந்தது. எங்களிடம் இருந்தவை எல்லாம் பக்கத்துக்கு இரண்டு பாட்டுகள் அடங்கிய சிறு தட்டுகள். அவற்றை நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் ஓட்ட வேண்டும். பெட்டியின் வேகத்தை மாற்றும் சிறு நெம்புகோல் தளர்ந்து போய், பாட்டின் நடுவே தானாக நழுவிவிடும். உடனே எங்கள் பாடகி தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆண்பிள்ளையாகிவிடுவார். இந்த அபசாரத்தைப் பொறுக்காத செயலாளர், நெம்புகோலை நாற்பத்தைந்தில் நிறுத்தி, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவால் இறுகக் கட்டிவிட்டார். அதை யாரும் தொடக்கூடாது என்பது கழகத்தின் எழுதப்படாத சட்டம்.

வெள்ளைப் புள்ளித் தட்டு வந்த மாலையில் இருபது பேர் கூடியிருந்தோம். முள் இறங்கியது. தம்புரா துள்ளியது, கடம் படபடத்தது, மின்விசைப் பெட்டி குருவிக் கூட்டம் போலக் கீச்சிட்டுப் பறந்தது. செயலாளர் தம்மையறியாமல் தொடையில் தாளம் போட்டார். தட்டு நின்றதும் அறையில் நிலவிய அமைதியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. புரியவில்லை என்று சொல்லும் துணிவு இருபது பேரில் ஒருவருக்கும் இல்லை.

“பிரமாதங்க,” என்றார் செயலாளர், மெதுவாக.

“பிரமாதம்தான்,” என்றோம் பத்தொன்பது பேரும்.

தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டத் தாளில் ஓர் எண் அச்சாகியிருந்தது. அதை நாங்கள் படிக்கவில்லை. உறையின் பின்புறம் யாரோ எழுதியிருந்த கட்டுரையைத்தான் மூன்று முறை படித்தோம். கற்றவர்கள் அல்லவா! ‘காலத்தை அசையாமல் நிறுத்தும் முயற்சி’ என்று அதில் ஒரு வரி இருந்தது. நாங்கள் கேட்டதோ தலைதெறிக்க ஓடும் ஓசை. இந்த முரணை நான்தான் தீர்த்துவைத்தேன். மிக வேகமாகச் சுழலும் மின்விசிறி நிற்பது போலத் தோன்றும் அல்லவா, அதுதான் தத்துவம் என்றேன். இருபது தலைகளும் ஆடின. ஆறு மாதங்கள் அந்த மின்விசிறியின் கீழ் நாங்கள் காற்று வாங்கினோம்.

ஊரின் கோபம் அடங்கவில்லை. ஆகவே, கழகத்தின் ஆண்டு விழாவில் அதையே பட்டிமண்டபப் பொருளாக்கினோம்: ‘பாடகி பாடாதிருப்பது கலையின் வளர்ச்சியா? தளர்ச்சியா?’ நடுவராக வந்தவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். தை மாதந்தோறும் ஸ்ரீரங்கத்தில் அவர் நடத்தும் பட்டிமண்டபத்துக்கு உறையூரிலிருந்தும் லால்குடியிலிருந்தும் மக்கள் வந்து தரையில் இடம் பிடிப்பார்கள். அவருடைய அணியில், வலப்பக்கத்து முதல் நாற்காலிக்கு உரியவர் சென்னைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். காலியான அந்த நாற்காலியை நான் கனவில் மூன்று முறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் நான் அமர்ந்திருந்தேன்.

வழக்கப்படி சீட்டுப் போட்டு அணி பிரித்தார்கள். எனக்கு ‘வளர்ச்சி’ வந்தது. ‘தளர்ச்சி’ உறையூரைச் சேர்ந்த ஒரு வங்கி ஊழியருக்குப் போயிற்று. அவர் என் நெடுநாள் எதிரி, மேடையில் மட்டுமல்ல. சீட்டு மாறி வந்திருந்தால் அவர் வளர்ச்சி என்று முழங்கியிருப்பார், நான் தளர்ச்சி என்று கண்ணீர் விட்டிருப்பேன். எங்கள் கலையின் நேர்மை அவ்வளவுதான். அதில் எனக்கு அன்று வெட்கமும் இல்லை.

அன்றைய உரையை என் சாதனைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். “வேகமே, நீ இசையின் விடுதலை!” என்று தொடங்கினேன். ஆடிப்பெருக்கின் காவிரி வந்தது, தறிகெட்ட புரவி வந்தது, மின்விசிறியும் வந்தது. இரண்டாம் மணி அடித்த பிறகும் நான்கு நிமிடங்கள் பேசினேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. உரை முழுவதும் கழகத்தின் ஆண்டு மலரில் அச்சாயிற்று. செயலாளர் ஒரு படியைப் பாடகிக்கு அனுப்பிவைத்தார்.

பதினைந்தே நாளில் பதில் வந்தது. அவர் திருச்சிக்கே வருகிறாராம். கட்டணம் வேண்டாம், தம் புதிய இசையை இங்கே நிகழ்த்த விரும்புகிறார், மலரில் எழுதிய இளைஞரைப் பார்க்க ஆவல். செயலாளர் அந்தக் கடிதத்தை மண்டியில் வாழைத்தார் இறக்குபவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். நடுவரும் அசைந்துபோனார்.

“தம்பி, ஸ்ரீரங்கத்துலயே வெச்சுக்கலாம். அந்தம்மா கச்சேரி முடிஞ்சதும், அவங்க முன்னாலயே நம்ம பட்டிமண்டபம். அதே தலைப்பு, நீங்களும் உறையூர்க்காரரும்தான். யாரு நிக்கிறீங்களோ அவருக்கு வலப்பக்க நாற்காலி.”

“ஐயா சொன்னா சரிங்க,” என்றேன், பணிவாக. பணிவும் எனக்குப் பயிற்சியில் வந்ததுதான்.

ஜீயபுரத்தில் செயலாளரின் வாழைத் தோட்டத்துக்கு ஒரு வாரம் மிதிவண்டியில் போய், காவிரிக் கரையில் நின்று பழைய உரையைப் புதுப்பித்து மனப்பாடம் செய்தேன். மூச்சு விட வேண்டிய இடம், கை உயர வேண்டிய இடம், கண் கலங்க வேண்டிய இடம் எல்லாம் முடிவாயின. வேகம் என்ற சொல் முப்பத்தெட்டு முறை வந்தது.

நிகழ்ச்சி நாளன்று, ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் பிற்பகலிலேயே பந்தல் தயாராகிவிட்டது. எந்த விழாவானாலும் கூட்டம் சேரும்வரை மைக் செட்காரர் இசைத்தட்டு போடுவது வழக்கம். அன்றைக்குப் பொருத்தமாக இருக்கட்டுமென்று செயலாளர் கழகத்தின் வெள்ளைப் புள்ளித் தட்டை அவரிடம் கொடுத்தார். மைக் செட்காரர் அதைத் தம் சொந்தப் பெட்டியில் வைத்தார். குழாய் ஒலிபெருக்கியிலிருந்து எருமை தண்ணீருக்குள் இறங்குவது போன்ற ஓர் ஓசை புறப்பட்டது. நான் பதறிப்போய் மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

“என்னங்க இது, இழுத்துக்கிட்டு நிக்குது? உங்க மெஷின் சரியில்லைங்க.”

“மெஷினுக்கு என்ன சார்? நல்லாத்தானே ஓடுது.”

“வேகத்தைக் கூட்டுங்க.”

“எதுக்கு?”

“இந்த இசையே வேகம்தாங்க! ஆறு மாசமா கேக்குறோம், எங்களுக்குத் தெரியாதா?”

அவர் என் வெள்ளை ஜிப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். முள்ளைத் தூக்கினார். தட்டை எடுத்து, நடுவிலிருந்த வட்டத் தாளை என் மூக்கருகே நீட்டினார்.

“படிச்சவருதானே சார்? இங்க என்ன போட்டிருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கும் இருந்தது.

“உங்க பொட்டியில எதுல ஓட்டினீங்க? நாப்பத்தஞ்சுலயா?”

கறுப்பு நாடாவால் கட்டிய நெம்புகோலை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில், தோளில் சுற்றியிருந்த கம்பி அவிழ்ந்து விழுந்தது.

“ஆறு மாசமா! ஒருத்தருக்குமா சார் தெரியலை? பாட்டா இருந்தா அரை நிமிஷத்துல மாட்டியிருப்பீங்க. எலி கத்துற மாதிரி இருந்திருக்கும்.”

உண்மைதான். குரல் இருந்திருந்தால் பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். குரல் இல்லாததால் இருபது அறிஞர்களை ஏமாற்ற முடிந்தது. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாழைப்பூவின் நிறத்துக்கு வந்தது.

“வெளிய மூச்சு விடாதீங்க தம்பி. அந்தம்மா காதுல விழுந்தா அடுத்த ரயிலுக்குக் கிளம்பிடுவாங்க.”

“என் பேச்சு முழுக்க வேகம்தாங்க இருக்கு.”

“ஒருவேளை நேர்ல வேகமா வாசிப்பாங்களோ என்னமோ,” என்றார். மனிதன் எதை வேண்டுமானாலும் நம்புவான் என்பதற்கு மண்டிக்காரர்களும் விலக்கல்ல.

வேகமாக வாசிக்கவில்லை. வெண்பட்டுப் புடவையில் வந்து, கைகூப்பி, ஒரு சொல்கூடப் பேசாமல் மின்விசைப் பெட்டியின் முன் அமர்ந்தார் பாடகி. ஒரு விரலை ஒரு கட்டையில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. தம்புராக்கள் முனகின. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கடக்காரர் ஒரு முறை தட்டினார். தட்டியதற்காக வருந்துபவர் போல மீண்டும் கையைக் கட்டிக்கொண்டார். ஒலிப்பதிவு நாடாவிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்பவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தத்தை வெளியூரிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்த பெருந்தன்மையை என்னவென்பது!

இருபது நிமிடம் வரை கூட்டம் பொறுமையாக இருந்தது. காரணம், எல்லோரும் சுருதி சேர்க்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னுமா சுதி சேக்குறாங்க?” என்றார் முன்வரிசைக்கு அருகே இருந்த ஒரு விவசாயி.

“பெரிய வித்துவான்னா அப்படித்தாங்க. சேந்ததும் பாடுவாங்க, இருங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இது சேர்றதுக்குள்ள எனக்குக் கடைசி பஸ் போயிடும் போலிருக்கே.”

பிறகு குரல்கள் கிளம்பின. “அம்மா, ஒரே ஒரு பாட்டு!” “ரெண்டு வரியாவது பாடுங்கம்மா!” “மைக் வேலை செய்யலைன்னு யாராச்சும் போய்ச் சொல்லுங்கய்யா!” பாடகி கண்ணைத் திறக்கவில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அவர் தொண்டையிலிருந்து எழுந்த ஒரே ஒலி ஓர் இருமல். அதற்குக் கைதட்டல் எழுந்தது.

நான் மேடையின் ஓரத்தில் நின்று முப்பத்தெட்டு வேகங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரணியின் வங்கி ஊழியர் முகத்தில் விளக்கு எரிந்தது. அவருக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. அந்த இசைத்தட்டை அவர் எந்த வேகத்திலும் கேட்டதே இல்லை.

பட்டிமண்டபம் தொடங்கியது. பாடகி முன்வரிசையில் அமர்ந்தார். வங்கி ஊழியர் தளர்ச்சியைத் தாளித்துக் கொட்டினார். தவிப்பில் இருந்த கூட்டம் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றது. அடுத்து நான் எழுந்தேன். ஒரு நொடி யோசித்தேன். பிறகு, பேச்சில் எனக்கு இருக்கும் தேர்ச்சியின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.

“நிதானமே, நீ இசையின் விடுதலை!”

அந்தச் சொல் மாறியதும் ஆடிப்பெருக்கின் காவிரி தானே கோடைக் காவிரியாயிற்று. தறிகெட்ட புரவி, வீதியில் அசைந்து வரும் கோயில் யானையாயிற்று. நிற்பது போலத் தோன்றும் விசிறியும் உண்மையில் சுழன்றுகொண்டிருக்கிறது என்றேன். மூச்சு விட்ட இடம் மாறவில்லை. கை உயர்ந்த இடம் மாறவில்லை. கண் கலங்கிய இடமும் மாறவில்லை. ஆண்டு விழாவில் எங்கெங்கே கைதட்டல் எழுந்ததோ, அங்கெல்லாம் அட்சரம் பிசகாமல் எழுந்தது. ஒரு மணி நேரம் நெளிந்துகொண்டிருந்த கூட்டம், தான் அனுபவித்தது நிதானம் என்று தெரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. நடுவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலி என்னை நோக்கி ஓரடி நகர்ந்ததை நான் கண்டேன்.

தீர்ப்புக்கு முன் பாடகி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நடுவர் கேட்டுக்கொண்டார். அவர் மேடையேறி, கைப்பையிலிருந்து எங்கள் ஆண்டு மலரை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்தப் புகழ்பெற்ற குரலில் வாசித்தார்:

“வேகமே, நீ இசையின் விடுதலை.”

ஒலிபெருக்கியில் அந்தக் குரல் அன்று முதன்முறையாக விழுந்ததும் மைதானமே கை தட்டியது. என்ன சொன்னார் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, என் இசையில வேகம் இருக்குன்னு எழுதின ஒரே ஆள் நீங்கதான். அதுக்காகத்தான் வந்தேன். இன்னிக்கு நிதானம்ங்கிறீங்க. நான் எதை எடுத்துக்கட்டும்?”

எனக்கு விடை தயாராக இருந்தது. ‘மலரில் எழுதியது தங்கள் தட்டைப் பற்றி அம்மா, இன்று பேசியது தங்களைப் பற்றி’ என்று சொல்லியிருப்பேன். கூட்டம் எழுந்து நின்றிருக்கும். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள், மேடை ஓரத்தில் தம் சோதனை மைக்கை அணைக்க மறந்திருந்த மைக் செட்காரர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னது குழாய் வழியாக ஸ்ரீரங்கம் முழுவதற்கும் கேட்டது.

“வேற ஒண்ணும் இல்லைங்க. தட்டைத் தப்பா நாப்பத்தஞ்சுல ஓட்டிட்டாங்க. ஆறு மாசமா!”

மைதானம் சிரித்தது. செயலாளர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதும் நான் மீண்டிருக்கலாம்; அதைவிட மோசமான இடங்களில் மீண்டிருக்கிறேன். ஆனால் பாடகி சிரிக்கவில்லை. மேடையில் என்னருகே வந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.

“நாப்பத்தஞ்சுலயா? எப்படி இருந்துச்சு?”

யாரும் என்னிடம் அதுவரை கேட்டிராத கேள்வி அது. வளர்ச்சியா, தளர்ச்சியா என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதில்லை. என் கை உயரவில்லை.

“ஆடலாம் போல இருந்துச்சும்மா,” என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. உவமை இல்லை, அடுக்கு இல்லை.

“எனக்கு அப்படி ஒருநாளும் தோணலையே,” என்றார் பாடகி. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. பிறகு, கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார்.

நடுவர், விருந்தாளியின் மனம் கோணாதபடி, வளர்ச்சியே என்று தீர்ப்பளித்தார். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

“அணி ஜெயிச்சுது தம்பி. நாற்காலி உறையூர்க்காரருக்குத்தான்.”

“ஏங்கய்யா?”

“மேடையில ஒரு கேள்வி வந்தா பத்து நிமிஷம் பேசணும். நீங்க உண்மையச் சொல்லிட்டு நிக்கிறீங்க. எனக்கு அது கட்டுப்படியாகாதுங்க.”

அந்தப் பாடகி அதன் பிறகும் பாடவில்லை. இன்னும் மூன்று தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெதுவானது என்கிறார்கள். நான் வாங்கவில்லை.

தை மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். வலப்பக்கத்து முதல் நாற்காலியில் வங்கி ஊழியர் மாலையோடு அமர்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், எதைப் பற்றி என்பது மறுநாள் எனக்கு நினைவில்லை. ஆனால் அவருடைய வாக்கியம் எங்கே உச்சிக்கு ஏறும், எந்தச் சொல்லில் கூட்டம் வெடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு ஒரு சொல் முன்னதாகவே கைதட்டத் தொடங்கினேன். கூட்டமும் என்னோடு சேர்ந்து தட்டியது. அன்று அவருடைய ஒரு வாக்கியம்கூட முடியவில்லை.